கீரி பிரித்தெடுத்த நைட்ரஜன்

ஒரு காட்டில் மேல்நிலைப் பள்ளி இருந்தது. பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூடமும் இருந்தது. வாயு சிலிண்டர்தான் காலி. புதியது கேட்டு எழுதிய விண்ணப்பம் ஐந்து மழைக்காலமாகப் பரிசீலனையில் இருந்தது.

மாசிலாமணி என்ற கீரி அங்கே செய்முறைத் தேர்வுக்கு மூன்றாம் முறையாக வந்தது. "இந்தத் தடவையும் கோட்டை விட்டா, உங்கப்பாவோட பாம்பு பிடிக்கப் போயிடு" என்று தாய்க்கீரி சொல்லியிருந்தது. மாசிலாமணிக்குப் பாம்பு என்றால் குலைநடுக்கம். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

கேள்வி பழையதுதான். பையில் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் மூன்றும் கலந்திருக்கின்றன. நைட்ரஜனை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

கீரி கலவையை முதலில் காஸ்டிக் சோடா கரைசலில் விட்டது. கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தங்கியது. அடுத்து அடர் கந்தக அமிலத்தில் விட்டது, ஈரம் போயிற்று. வரிசையை மாற்றினால் உலர்ந்த வாயு மறுபடி நனைந்துவிடும் என்பது அந்த வகுப்பில் அதற்கு மட்டுமே தெரியும். மிஞ்சியதைக் குடுவையில் பிடித்து, எரியும் குச்சியை உள்ளே நீட்டியது. நைட்ரஜன் என்றால் குச்சி அணைய வேண்டும்.

குச்சி ஜம்மென்று எரிந்தது. போன இரண்டு முறையும் அப்படித்தான் எரிந்தது. "எரிகிறது" என்று விடைத்தாளில் எழுதித்தான் கீரி இரண்டு முறையும் தோற்றது.

"சார், இது நைட்ரஜன் இல்ல. வெறும் காத்து" என்றது ஆசிரியர் கரடியிடம்.

"எனக்குத் தெரியாதா? காலையில சைக்கிள் பம்ப் வச்சு அந்தப் பையில காத்தடிச்சதே நான்தான்" என்று கரடி கிசுகிசுத்தது. "ரெக்கார்டு நோட்டுல என்ன எழுதியிருக்க?"

"குச்சி அணைந்தது."

"அப்புறம் என்னடா சந்தேகம்?"

பக்கத்துக் காட்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கொக்கு, அருகில் வந்து ஒற்றைக் காலில் நின்றது. "என்னப்பா, அணைஞ்சுதா?"

கீரி குச்சியைப் பார்த்தது. சுடர் பாம்பின் நாக்குப் போல நெளிந்தது. அவ்வளவுதான். வாயைக் குவித்து ஓர் ஊது ஊதியது.

"அணைஞ்சிடுச்சு ஐயா."

கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த கொக்கு, புகையை ஒருமுறை மோந்தது. "ஆகா! இவ்வளவு சுத்தமான நைட்ரஜனை நான் பார்த்ததே இல்ல" என்று முப்பதுக்கு முப்பது போட்டது.

அடுத்த ஆண்டு அதே ஆய்வுக்கூடத்தில் கீரிக்கு வேலை கிடைத்தது. கரடி முதல் நாளே சைக்கிள் பம்பை அதன் கையில் ஒப்படைத்தது.

நீதி: நைட்ரஜன் தீயை அணைக்கும். அது மறந்துவிட்டால், தேர்ச்சி வேண்டுபவர் ஊதி அணைக்க வேண்டும்.