குடல் எடுத்த மீனுக்கு நிறை இல்லை

தீவுப்பகுதியில் பிறந்தவனுக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று உலகமே நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை மிஞ்சும். நான் வாயைத் திறந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோவில் ஒரு வயதான பல் வைத்தியரின் வீட்டில் எனக்கு வேலை. வீடு துடைப்பது, கார் கழுவுவது, நாயை நடத்திக்கொண்டு போவது. (யாழ்ப்பாணத்திலை மேத்ஸ் படிச்சு ஏ.எல். பாஸ் பண்ணின ஆள் நான். நாய்க்கு அது தெரியாது.) எல்லோரும் அவரைத் தொத்தோரே என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனிசன் ஆற்று மீன்பிடிப் போட்டிக்குக் கிளம்பிவிடுவார். நான்கு பேர் கொண்ட அணி, அவர் தலைவர்.

அந்த அணியில் ஒருவருக்குக் கை முறிந்தது. தொத்தோரே கோப்பிக் கோப்பையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தோனியோ, நீ தீவுக்காரன்தானே. மீன் பிடிப்பியோ?"

"எங்கடை ஊரிலை சின்னப் பிள்ளையளே சுறா பிடிக்கும், தொத்தோரே."

என் அப்பா தபால் கந்தோர் கிளார்க். எனக்கும் மீனுக்குமான உறவு பொரித்த பிறகுதான் தொடங்கும். ஆனால் அந்த நேரம் இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. செவ்வாய்க்கிழமை குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்கு முதலாளி கையெழுத்து வைத்த வேலை ஒப்பந்தம் வேண்டும். கேட்கும்போதெல்லாம் தொத்தோரே, "போட்டி முடியட்டும், பாப்பம்" என்பார். கையெழுத்து இல்லையென்றால் பெர்மெசோ இல்லை. பெர்மெசோ இல்லையென்றால் கொழும்பு பிளேன். (அங்கை அப்ப சண்டை. விளக்கத் தேவையில்லை.)

நகரின் ஓரத்துப் பிரான்காச்சோவில் நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். விஷயத்தைக் கேட்டதும் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"உனக்கு நீந்தவும் தெரியாது. நானும் வாறன்."

"அக்கா, அது ஆம்பிளையளின்ரை போட்டி."

"ஆத்துக்கு அது தெரியுமோ? பேசாமல் இரு. சாப்பாடு கட்டுறன்."

ஆற்றங்கரையில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இடம் தந்தார்கள். பக்கத்து ஆளோடு கதைக்கக்கூடாது. இடத்தை விட்டு அசையக்கூடாது. பிடித்த மீனைத் தண்ணீருக்குள் தொங்கும் நீள வலைப்பையில் போட வேண்டும். முடிவில் நடுவர் வந்து நிறுப்பார். தொத்தோரே இவ்வளவும் சொன்னார். அதற்கு மேல் சுறா பிடித்தவனுக்கு என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்.

விசில் ஊதியது. என் முதல் வீச்சில் நாணல் சிக்கியது. இரண்டாவது வீச்சில் என் சட்டைக் கொலர். தூண்டில் தடியோ எங்கள் வீட்டு வளவை விட நீளம். தலைவர் மட்டும் நடமாடலாமாம்; தொத்தோரே கரை வழியே வந்து பார்ப்பார், போவார். எனக்குத் தூண்டில் மிதப்பு தெரியவில்லை. குவெஸ்தூராவின் யன்னல்தான் தெரிந்தது. பின்னால் அக்கா சியாகுல்லித் தோட்டத்து மந்தரீன் பழம் உரித்துத் தின்றபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

செபமோ, அதிர்ஷ்டமோ, மதியம் கழிய ஒரு மீன் கொத்தியது. பிறகு இன்னொன்று. கெண்டை மாதிரிக் கொழுத்த மீன்கள் என் புழுவுக்கு வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாய் இழுத்துப் பைக்குள் போட்டேன். கடைசி விசில் ஊதியபோது வலைப்பை கனத்துக் கிடந்தது.

தொத்தோரே குனிந்து எட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நாங்கள்தான் முதல். நாளைக்குக் காலமை அந்தப் பேப்பரைக் கொண்டு வா. கையெழுத்து வைக்கிறன்."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்த வயிறு அந்த நிமிடமே அவிழ்ந்தது. நடுவர்கள் தூரத்து முனையிலிருந்து நிறுத்துக்கொண்டு வந்தார்கள். நான் பற்றைக்குப் பின்னால் ஓடினேன். (எவ்வளவு நேரம் எண்டு கேக்காதேங்கோ.)

திரும்பி வந்தபோது வலைப்பை காலி. அக்கா குந்தியிருந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் என் மீன்கள் செதில் சுரண்டி, குடல் எடுத்து, தலை வேறு முண்டம் வேறாக அடுக்கியிருந்தன.

"அக்கா, என்ன செய்தனி?"

"நிறுக்கப் போறாங்கள் எண்டாய். பல்லரோச் சந்தையிலை எனக்குக் குடலோடை நிறுத்துத் தர ஒருத்தன் துணிவானோ? சுத்தம் பண்ணிப்போட்டு நிறுக்கிறதுதான் நேர்மை."

நடுவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீனை உயிரோடு நிறுத்து உயிரோடு ஆற்றில் விடுவதுதான் போட்டியாம். என் பெயருக்கு நேரே பூச்சியம் விழுந்தது. அணி கடைசி.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"ஒண்டும் இல்லை."

"கழிவு போனது, சுத்த நிறை எண்டு சொல்லு."

தொத்தோரே கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பலெர்மோ வரைக்கும் அவர் ரோட்டை மட்டும் பார்த்துக் காரை ஓட்டினார். காருக்குள் சேற்று மணம். பெட்டி அக்காவின் மடியில். நான் பின்சீற்றிலிருந்து கொழும்பு வெயிலை நினைத்தேன்.

வீட்டுக் கதவைத் தொத்தோரேயின் மனைவி, சிஞ்ஞோரா, திறந்தார். அக்கா பெட்டியை நீட்டினாள்.

"சிஞ்ஞோரா, மீன்."

"எங்கை வாங்கினது?"

"வாங்கேல்லை. ஆத்திலை பிடிச்சது. தொத்தோரேயோடை."

சிஞ்ஞோரா ஒரு மீனை எடுத்து மோந்தார். கடையில் விற்கிற மீனில் அந்தச் சேறு மணக்காது. பெட்டியைப் பிடித்தபடி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போறார். ஒரு மீன் வீட்டுக்கு வந்ததில்லை. கேட்டால் திரும்ப ஆத்திலை விட்டனாம். எந்தப் பொம்பிளை இதை நம்புவாள்? அவளின்ரை வீடு எந்தத் தெருவிலை எண்டுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது."

தொத்தோரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சிறிய மனிதராக அவரை நான் பார்த்ததே இல்லை.

"இந்தப் பொடியனுக்கு ஏதோ கையெழுத்து வேணுமெண்டானே," என்றார் சிஞ்ஞோரா. "இப்பவே வை."

வைத்தார். நான் எந்நேரமும் சட்டைப்பையில் மடித்துக்கொண்டு திரிந்த அந்தக் காகிதத்தைப் பேனை கிழிக்காதது என் அதிர்ஷ்டம். அடுத்த ஞாயிறிலிருந்து தொத்தோரே எங்கே போட்டிக்குப் போனாலும் சிஞ்ஞோராவின் கட்டளைப்படி, மீன் வீட்டுக்கு வர, அக்காவும் முன்சீற்றில் போனாள், கத்தியோடு.

இப்போது எனக்கும் கலியாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னேரம் நண்பர்களைப் பார்க்கப் போறன் என்று சப்பாத்தைப் போட்டால், இந்தக் கதை தெரிந்த மனிசி குசினியிலிருந்து தலையைக்கூட நீட்டமாட்டாள்.

"போங்கோ, போங்கோ. வரேக்கை மீன் கொண்டு வாங்கோ."