புறா இறகும் குளோரின் அண்ணனும்

2024 ஜனவரி 25, வியாழன், காலை மணி 7.10. மழை இல்லை, காற்று இல்லை, எங்கள் கிள்ளான் அடுக்குமாடியில் முதல்நாளிலிருந்து குழாயில் தண்ணீரும் இல்லை. தைப்பூசம் வேறு.

கங்கையே நேரில் வந்தாலும் கொதிக்கவைத்த பிறகுதான் கும்பிடுவார் எங்கள் நான்காம் மாடிக் குளோரின் அண்ணன். நீச்சல்குளம் பராமரித்து ஓய்வு பெற்றவர். கல்யாண விருந்தில் ஐஸ் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாஸ், இது எந்தத் தண்ணி?" என்று மாப்பிள்ளையையே விசாரித்தவர். இவர் தலை தெரிந்தாலே இளநீர்க்காரர் கத்தியைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

அன்று கீழே பத்மா அக்காவின் தண்ணீர்ப் பந்தல். அறுவை சிகிச்சையில் மகள் பிழைத்ததற்காக, எங்கள் தெருவுக்குள் வரும் முதல் காவடிக்குத் தன் கையால் தாகம் தீர்ப்பதாக வேண்டுதல். இரவே லோரியில் வந்த தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, அதில் ரோஸ் சிரப்பும் சீனியும் கலந்து, அகப்பையோடு நின்றார். குளோரின் அண்ணன் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு புறா இறகு மிதந்தது.

"ராத்திரி டிரம்ம மூடலியாக்கா?"

"ஒரு இறகுதானே லா. எடுத்துப் போட்டாப் போச்சு."

"இறகு தனியாவா வந்துச்சு? புறாவும் வந்துருக்கும். வந்த வேலையையும் முடிச்சிருக்கும்."

"உங்க குளோரினைப் போடுங்களேன்" என்றேன் நான்.

"சீனி கலந்தாச்சு சார். இனிமே போட்டா மருந்துதான் வீணாப் போகும், கிருமி சாகாது."

"முருகன் பாத்துக்குவாரு" என்றார் அக்கா.

"இன்னிக்கு அவருக்கு ஆயிரம் வேலைக்கா. வயித்துப்போக்கையும் அவர் தலையிலயா போடுவீங்க?"

தெருமுனையில் காவடியின் உறுமி மேளம் கேட்டது. அக்காவின் கண் கலங்கியது. "அப்ப என் வேண்டுதல்?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் தாமே டிரம்மைக் கவிழ்த்தார். சாக்கடை ரோஜா நிறத்தில் ஓடியது. திரும்பிப் பார்த்தால் குளோரின் அண்ணனைக் காணோம். அடி விழும் என்று ஓடிவிட்டார் என்றே நினைத்தேன்.

மின்தூக்கி திறந்தது. உள்ளே குளோரின் அண்ணன். தள்ளுவண்டி நிறைய அவர் வீட்டில் சேர்த்து வைத்திருந்த, கொதித்து ஆறிய தண்ணீர்ப் போத்தல்கள். அறுபத்திரண்டு, நான் எண்ணினேன்.

முதல் காவடி அக்காவின் கையால் வாங்கிக் குடித்தது. "வெறுந்தண்ணியா? அப்பாடா! விடிஞ்சதுலேர்ந்து எல்லாப் பந்தல்லயும் சிரப்புதான் ஆன்டி!" அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

பத்து மணிக்குள் எல்லாப் போத்தலும் காலி. குளோரின் அண்ணன் உதடு காய்ந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். "எந்தத் தண்ணி?" என்றார். கொடுத்தவர் திரும்பிப் போய்விட்டார்.

வெயிலில் நானே கடைவரை நடந்து, மூடி முத்திரை உடையாத போத்தல் தண்ணீராகப் பார்த்து ஒரு பெட்டி தூக்கிவந்தேன். என்னிடம் மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. மூடியைத் திருகி, அப்படியே குடித்தார்.

பெட்டி விலை பதினாறு வெள்ளி நாற்பது காசு.