மாமனாரை விடாத கட்டுக்கம்பி

செலியமேட்டில் எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் உடைந்துபோனதாகச் சரித்திரம் இல்லை. கட்டுக்கம்பி போட்டுவிடுவோம். குடை, டி.வி. ரிமோட், டிராக்டர் மட்கார்டு என்று எல்லாவற்றிலும் என் கைவண்ணம் இருக்கும். வீடு கட்ட வாங்கியதில் ஒரு சுருள் மிச்சமாகிப்போனதுதான் காரணம். (அதைத் தொட்டாலே எனக்குள் ஓர் இன்ஜினியர் முழித்துக்கொள்வான். படித்தது பி.காம்.)

அந்தச் சமயத்தில் மூலக்குளத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எனக்குக் கவிதாவைப் பிடித்திருந்தது; ஆச்சரியமாக, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் கரும்பு போடுகிறவன் வீட்டில் பெண்ணைக் கொடுக்க மனசில்லை. "வூட்ட ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். மொடமொட வேட்டி, அதைவிட மொடமொடப்பான முகம்.

முந்தின நாளே வீட்டையெல்லாம் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் இருக்கை விரிசல் விட்டிருந்தது. ஆணியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, கம்பியால் தைத்து, மேலே துண்டை விரித்து, எனக்கென்று ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருந்தேன். அவர் நேராக வந்து அதில்தான் உட்கார்ந்தார்.

"அண்ணே, இப்டி குந்துங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. இங்கதான் காத்து வருது."

கேசரி இறங்கியது. காபி இறங்கியது. கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். "வூட்ல கலந்துகினு சொல்றேன்" என்று எழுந்தார். நாற்காலியும் எழுந்தது.

உள்பக்கம் மடக்காமல் விட்ட கம்பி முனைகள் துண்டைத் துளைத்து வேட்டியைப் பிடித்திருந்தன.

"இன்னாபா, நாற்காலியும் கூட வரேன்னுது" என்று மறுபடி உட்கார்ந்தார். சும்மா இருந்த முனைகளும் பிடித்துக்கொண்டன.

"கட்டிங் பிளையர் எங்கடா?" என்றாள் அம்மா.

அது கொல்லைக் குழாயில் இருந்தது. குழாயின் திருகு உடைந்துபோனதால் பிளையரையே திருகாக வைத்துக் கம்பியால் இறுக்கியிருந்தேன். அந்தக் கம்பியை வெட்டப் பிளையர் வேண்டும்.

வேறு வழியில்லாமல் நாற்காலிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, கம்பித் தையலை விரலால் கீழே இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கவிதா.

"இன்னாப்பா, வூடு எப்டிக் கீது?"

"வூடு நல்லாத்தாம்மா கீது. என்னத்தான் வுட மாட்டேன்னுது."

"அவரு எங்க?"

"எனக்குக் கீழ படுத்துகினு கீறாரு."

கடைசி முனையை நான் இழுத்த இழுப்பில் வேட்டி டர்ரென்று கிழிந்தது. மூலக்குளத்து மனிதர் என் கைலியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கல்யாணம் அவ்வளவுதான் என்று கொல்லையில் போய் அழுதேன். (முகம் கழுவக் குழாயைத் திறந்தால் பிளையர் கையோடு வந்துவிட்டது.)

சாயங்காலம் கவிதா போன் பண்ணினாள். சிரிப்பில் பாதி வார்த்தை புரியவில்லை. "அப்பா சரின்னுட்டாரு. 'ஒடஞ்ச நாற்காலியவே தூக்கிப் போட மாட்டேன்றான், ஒன்ன எங்க வுடப்போறான்'னாரு."

போன மாதம் புதுசாகச் சோஃபா வாங்கினோம். மாமனார் பார்க்க வந்தார். செல்போனில் லைட்டைப் போட்டு, குனிந்து அடியெல்லாம் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மாப்ள இதுல கை வச்சாராம்மா?"

அவள் இல்லை என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் உட்கார்ந்தார். கைப்பையில் ஒரு கைலி இருந்தது.