முதுநகர் எழிலரசி 'சொடுக்கை' வென்ற படலம்

கடல்சூழ் கடலூர்க்கு அணியாய், தண்டவாளம்சூழ் முதுநகர்க்கு மணியாய், மடிக்கணினி ஏந்திய மங்கையர் திலகமாய், நாற்பத்துமூன்று வழிகாட்டிப் பக்கங்களைத் தனியொருத்தியாய் வரிசைப்படுத்திய வன்கரத்தாள், எழுத்துப்பிழை கண்டால் இமைகொட்டாதாள், எழிலரசி வாழ்க. அவள் கொற்றம் ஓங்குக. அவளுடைய சார்ஜர் ஒயர் இன்னும் கொஞ்சநாள் பிய்ந்துபோகாமல் இருக்கட்டும்.

தட்டான் என்பது தமிழில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், ஆகவே யாரும் சண்டை போடலாம். அதன் வழிகாட்டிப் பக்கங்கள் 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதப் பாக்காதீங்க' என்னும் பெயர்களோடு, தலைவனை இழந்த சேனைபோல் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்தன. மூன்றே வாரத்தில் அவற்றைப் பிடித்து அணிவகுத்து நிறுத்தினாள் நம் தலைவி. முதல் பக்கத்தின் நாலாம் படியில் மட்டும் ஒரு சொல் மார்தட்டி வழிமறித்தது. அச்சொல் 'சொடுக்குக'.

அதனிடம் முதலில் வீழ்ந்தவர் சிங்காரம். தாலுக்கா ஆபீஸ் வாசலில் முப்பதாண்டுகள் பழைய டைப்ரைட்டரில் மனு அடித்துக் கொடுத்தவர். எழிலரசியின் பேச்சை நம்பிக் கம்ப்யூட்டருக்கு மாறியவர். தட்டானுக்கு அவள் கூட்டிவந்த முதல் ஆள். 'பச்சைக் கட்டத்தின் மேல் சொடுக்குக' என்று படித்தவர் திரைக்கு நேரே விரலைச் சொடுக்கினார். வலக்கையால் சொடுக்கினார், இடக்கையால் சொடுக்கினார், இரு கையாலும் மாறிமாறிச் சொடுக்கினார். திரை அசையவில்லை.

"எம் மருமவ போன்ல கையக் காட்டுனாலே போட்டோ எடுக்குது எழிலு. இதுவும் அந்த மாதிரின்னு நெனச்சிட்டேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். ஆவலன்னா பழைய மிஷினுக்கே போயிடுறேன், நம்மளுக்கு இது தோதுப்படாது" என்றார் அவர்.

கேட்டவளுக்குப் பாதி வெட்கம், பாதி கோபம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றே 'சொடுக்குக' என்பதை அடித்து 'அமுக்குக' என்று எழுதி அனுப்பினாள்.

அனுப்பிய ஓலை சென்று சேர்ந்த இடம் சிதம்பரம். அங்கே வீற்றிருந்தார் ஞானசேகரன். தனித்தமிழ்க் காவலர், ஒப்புதல் பொத்தானின் ஒரே உரிமையாளர், அவர் இசைவின்றித் தட்டானுக்குள் ஒரு காற்புள்ளியும் கால் வைக்காது. "அமுக்குதல் திருடர் தொழில்" என்று அவர் முழங்கினார். "சொடுக்குதல் சாட்டைக்காரர் தொழில்" என்று இவள் முழங்கினாள். "அயற்சொல்லும் கொச்சையும் இவ்வாசலை மிதியா" என்று அவர் சூளுரைத்தார். மறுமொழிகள் அறுபத்தொன்றைத் தாண்டின. இடையில் புகுந்து 'தொடுக' என்று சமாதானம் பேசிய பெண்ணாடத்துக் கொளஞ்சி இருபுறமும் அடிவாங்கி, அதன்பின் இணையப் பக்கமே வரவில்லை.

வந்தது ஞாயிறு. நண்பகல் பன்னிரண்டுக்குப் புதுப் பதிப்பு முத்திரை இடப்படும்; அதற்குள் நுழையாத எழுத்து இன்னும் ஆறு மாதம் வெளியே நிற்கும். காலைப் பாசஞ்சரில் ஏறி, புதுச்சத்திரம் கடந்து, பரங்கிப்பேட்டை கடந்து, ஜன்னலோர இருக்கையை ஒரு கூடைக்காரியிடம் இழந்தும் மனம் தளராமல், தட்டான் குழுவினர் கூடியிருந்த சிதம்பரம் கீழவீதி டியூஷன் சென்டரின் மாடியேறினாள் எழிலரசி.

அங்கே ஞானசேகரன் தமிழின் தூய்மை குறித்து அரைமணி நேரமாய் இடிமுழக்கம் செய்துகொண்டிருந்தார். அவ்வேளை சுவரில் விழுந்த படம் உறைந்து நின்றது, 'தொடரவா?' என்றொரு பெட்டி எழுந்து மறித்தது. கணினிமுன் அமர்ந்திருந்த அருண்பாண்டியன் கை எங்கே வைப்பதென்று தெரியாமல் திகைத்தான். காவலருக்குப் பொறுமை போயிற்று.

"அத கிளிக் பண்ணு மச்சான். மேல இல்லடா, கீழ கிளிக் பண்ணு."

மாடியிலிருந்த தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. சொன்னவருக்கே தாம் சொன்னது காதில் விழுந்து முகம் கறுத்தது.

எழிலரசி எழுந்தாள். ரயிலில் கூர்தீட்டி வந்த அறுபது வாதங்களையும் உறைக்குள்ளேயே விட்டாள்.

"அதையே எழுதிடலாமாண்ணா? நானும் அமுக்குகவ விட்டுடுறேன்."

ஞானசேகரன் ஒப்புதல் பொத்தானை, எந்த வினைச்சொல்லையும் உச்சரிக்காமல், ஒரே ஒருமுறை இயக்கினார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு 'கிளிக் செய்யவும்' அரியணை ஏறியது. பன்னிரண்டுக்கு முத்திரை விழுந்தது. காகிதக் கோப்பைகளில் தேநீர் பொங்க, பகைவர் இருவரும் ஒரே பஜ்ஜியைப் பிட்டுத் தின்ன, வெற்றித்திருமகள் டியூஷன் சென்டரின் கரும்பலகையோரம் வந்து நிற்க, நம் தலைவி சிங்காரத்தைப் போனில் அழைத்து எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டாள்.

"இப்ப பாருங்க மாமா."

"இரு எழிலு. கிளிக் பண்ணிட்டேன். ஆவுது, அடுத்த பக்கம் வந்துட்டுது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடியே கைதட்டியது.

அடுத்த பக்கத்தில் 'சாளரத்தை மூடுக' என்று இருந்ததால், சிங்காரம் எழுந்து போய் வீட்டு ஜன்னலைச் சாத்தினார்.