ஒரு தீக்குச்சி கனம்

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொள்வது.

அங்கே நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் பெண், உன் மருமகளுமாக இரண்டு பேர், நான்கு கால்கள். அவற்றில் மூன்று சௌக்கியம். நான்காவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ ஏழு வாக்கியம் திட்டிவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே. நிற்பது எவ்வளவு பொல்லாத வேலை என்பது எனக்கு இந்த நான்கு மாதத்தில்தான் தெரிந்தது.

உன் மருமகள் பெரிய ஹோட்டலில் வேலை பார்க்கிறாள் என்று நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். மூன்று வருஷமாக அவள் அங்கே பார்த்தது, கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவை அறையில், படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை என்பதை நீ சொல்லியிருக்க மாட்டாய். நானும் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே இருந்தபடியே அவள் பரீட்சை எழுதி, இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறி, மேலே வரவேற்பு மேசைக்கு வந்தாள். முதல் நாள் வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், "அப்பா, இன்னிக்கு ஒருத்தர் என் பேரைச் சொல்லி நன்றி சொன்னார்ப்பா. கீழ மூணு வருஷத்துல என் பேரு யாருக்குமே தெரியாது" என்றாள். சட்டையில்தான் பெயரைக் குத்தி அனுப்பியிருக்கிறார்களே, அதைப் படித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் விவரம் உண்டு. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, அவள் அம்மா போன இந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேலே நிற்கிற பெண்கள் கறுப்பு ஹீல்ஸ்தான் போட வேண்டுமாம், குதி இரண்டரை அங்குலம், ஸ்டோரிலிருந்தே கொடுத்துவிடுகிறார்கள். ஆண்களுக்குச் சாதாரண ஷூ. ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும், நாற்காலி கிடையாது. அக்கா, நான் முப்பத்தோரு வருஷம் நாற்காலித் தொழிற்சாலையில், அதுவும் கால் பிரிவில் குப்பை கொட்டியவன். என் பெண் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு நாற்காலி இல்லை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? எதிரே விருந்தினருக்குப் பதினான்கு சோபா போட்டிருக்கிறார்கள், எண்ணிப் பார்த்தேன், எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. ஒரு மாதம் ஆவதற்குள் இவள் தெருமுனையிலேயே ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து வர ஆரம்பித்தாள். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, பழகிடும்" என்பாள். ஒருநாள் வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்திருந்தபோது பார்த்துவிட்டேன். கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது, அதன் அடி எலும்பு புடைத்துச் சிவந்திருக்கிறது, சுண்டுவிரலில் தோலே இல்லை, இரண்டு நகம் கறுத்துவிட்டது. இருபத்தாறு வயதுப் பெண்ணின் கால் அது.

எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நல்ல மனுஷன். "மலைச்சரிவுல நிக்கற மாதிரிம்மா இது. உடம்பு பாரம் பூராவும் முன்விரல்லதான் இறங்குது. தட்டையான செருப்புக்கு மாறுங்க, இல்லன்னா கொஞ்ச வருஷத்துல ஆபரேஷன்தான்" என்றார். இவள் தலையைத் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து, அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்து அகராதிக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள் அதே ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். "தட்டைச் செருப்புன்னா மறுபடி கீழதான் போகணும்ப்பா. கால் பொறுக்கும், கீழ இருக்கறது பொறுக்காது" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அந்த ஹோட்டல் மேலாளர் அம்மாவைப் பார்க்கப் போனேன், இவளுக்குத் தெரியாமல்தான். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், நான் கேட்டுக்கொண்டு போன பன்னிரண்டு கேள்வியையும் பொறுமையாகக் கேட்டார்கள். என் பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால், மேசைக்கு அடியில் அந்த அம்மாவின் ஹீல்ஸ் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. எனக்குப் பதின்மூன்றாவது கேள்வி மறந்தே போய்விட்டது. நிமிர்ந்ததும் அவர்களே, "எனக்கும் வலிக்குதுங்க ஐயா, பதினாறு வருஷமா. சட்டம் தலைமை அலுவலகத்துல போட்டது. போட்டவர் யாருன்னு தெரியாது, ஹீல்ஸ் போட்டவர் இல்லைன்னு மட்டும் தெரியும்" என்றார்கள். என்னை வழியனுப்ப எழுந்திருக்க, காலால் துழாவித் துழாவி ஹீல்ஸைத் தேடினார்கள். வேண்டாம்மா, உட்காருங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது நீ திட்டப் போகிற இடம் வருகிறது, தயாராக இரு. சட்டத்தைக் குறைக்க முடியாது, குதியைக் குறைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. நாற்காலிக் காலைத் திடீரென்று ஒரு அங்குலம் வெட்டினால் உட்காருகிறவன் கத்துவான். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் அவனுக்குத் தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவள் அசந்து தூங்குவாள். அந்த நேரத்தில் குதி நுனியில் இருக்கிற ரப்பர் வில்லையைக் கழற்றி, மெல்லிய ரம்பத்தால் ஒரு தீக்குச்சி கனம் எடுத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, கறுப்புச் சாயம் தடவி, வில்லையை மறுபடி ஒட்டிவிடுவேன். வாரத்துக்கு ஒரு தீக்குச்சி கனம், அதற்கு மேல் ஆசைப்படவில்லை. நாலாவது வாரம் இவள் தெருமுனையிலிருந்து ஹீல்ஸோடேயே நடந்து வந்தாள். "இப்ப கொஞ்சம் பழகிடுச்சுப்பா" என்றாள். அன்றைக்கு நான் இரண்டு தட்டு அதிகம் சாப்பிட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன், அக்கா.

ஏழு ஞாயிறு ஆயிற்று. மறுநாள் திங்கட்கிழமை, யாரோ ஒரு தம்பதிக்கு அறை காட்ட இவள் முன்னால் போக, பளிங்குப் படியில் குதி வழுக்கி, நாலு படி உருண்டு விழுந்துவிட்டாள். விழும்போதும் சிரித்த முகமாகவே விழுந்தாளாம். பயிற்சி அப்படி. இடது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. பிறகு செருப்புத் தைக்கிறவர் ஒருவரிடம் அந்த ஹீல்ஸைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட அடியில இரும்புத் தகடு வச்சு இந்த உயரத்துக்குன்னே வளைச்சிருப்பாங்க ஐயா. குதியைக் குறைச்சா முன்னாடி மூக்கு தூக்கிக்கும், பின்னாடி ஓரம் மட்டும்தான் தரையில படும். இது நாற்காலி இல்லையே" என்றார். நான் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. அவராகவே சொன்னார்.

இதோடு போயிற்றா? சீருடைச் சாமானைச் சேதப்படுத்தினால் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவார்களாம், அது இன்னொரு சட்டம். ஸ்டோர்காரர் புது ஜோடிக்குப் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறார். சரியாக ஏழு தீக்குச்சி குறைவு. மேலாளர் அம்மா அந்த ஹீல்ஸோடு ஆஸ்பத்திரிக்கே வந்து, "இதை யாரும்மா வெட்டினது?" என்று கேட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். இவள் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மேடம். வலி தாங்கல" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா வெட்டுவாயின் வழவழப்பைப் பார்த்தார்கள், கறுப்புச் சாயம் போகாத என் விரலைப் பார்த்தார்கள், பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். அக்கா, நான் வாயை மூடிக்கொண்டேன். ஐம்பத்தொன்பது வயதில், பெற்ற பெண் பழியை ஏற்றுக்கொள்ள, நான் அங்கே மரம் மாதிரி நின்றேன். மாவுக்கட்டு பிரித்ததும் இவள் மறுபடி சலவை அறைக்குத்தான் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எப்போது தெரிந்துகொண்டாளோ, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை. "மாத்திரை எடுத்துட்டு வாங்கப்பா", "விளக்கைப் போடுங்கப்பா", இவ்வளவுதான் பேச்சு. நான்தான் உன்னைத் தள்ளிவிட்டேன் என்று தினமும் ஒரு தடவை சொல்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்னை அவள் மன்னிக்கப்போவதில்லை, அது நியாயம்தான். ஆனால் இந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, அக்கா. அதனால் நீ உடனே கிளம்பி வா. வந்து அவளோடு பேசு. வெட்டியது நான்தான் என்று ஹோட்டலுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் கொடுக்க வை. தனியாகப் போனால் மறுபடி வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்கள் எப்போதும் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கிடைத்து நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும் தம்பி.

பி.கு.: இந்தக் கடிதத்தைப் பற்றி உன் மருமகளிடம் மூச்சு விடாதே. அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இன்னொரு பி.கு.: அத்தை, இது நான், உங்க மருமகள். அப்பா உறை வாங்கக் கடைக்குப் போயிருக்கார், கடிதத்தை உப்புத்தாள் டப்பாவுக்கு அடியில மறைச்சு வச்சிருக்கார். அவர் எழுதிக் கொடுக்கப் போறதைத் தடுத்துடுங்க. நான்தான்னு மேடம்கிட்ட சொன்னது பொய் இல்ல. எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும். தினமும் மூணு மணிக்கு ஆரம்பிக்கற வலி மூணரைக்கு ஆரம்பிச்சா தெரியாதா? அதுக்கப்புறம் எந்த ஞாயித்துக்கிழமையும் நான் தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு அவர் தேய்க்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு படுத்திருந்தேன். முன்பக்கம் தூக்கறதும் எனக்குத் தெரிஞ்சுது, சொன்னா நிறுத்திடுவாரேன்னு சொல்லல. அவர் மேல கோபம்னு நினைச்சுக்கிட்டிருக்கார். கோபம் இல்ல, அத்தை. எனக்குத் தெரியும்ப்பான்னு நான் சொல்லிட்டா, தெரிஞ்சும் போட்டியே, அவ்வளவா வலிச்சுதுன்னு கேப்பார். இத்தனை நாளா வலி இல்லைன்னே அவர்கிட்ட சொல்லி வச்சுட்டேன். அவர் கூப்பிட்ட காரியத்துக்கு வராதீங்க, எனக்காக வாங்க. நான் ஆமான்னு சொல்றப்ப அப்பா பக்கத்துல யாராவது உட்கார்ந்திருக்கணும்.