மன்சூர் திறப்பு விழா

காந்தி மார்க்கெட் முக்குல டீக்கடை போட்டிருக்கிற மன்சூருக்கு அரசாங்கத்தால ஒரு கௌரவம் வந்துச்சு. கௌரவம் வந்தா சாதாரண மனுசன் என்ன ஆவானோ, அதான் அவனும் ஆனான்.

ஊரை அழகுபடுத்துறதுக்குன்னே ஒரு ஆபீசு. அவங்க உழைக்கிற ஜனங்களை வெண்கலத்துல வார்த்து அங்கங்க நிறுத்திக்கிட்டு வந்தாங்க. மூட்டை தூக்குறவரு ஒண்ணு, வாழைத்தார் விக்கிற தொட்டியத்து அம்மா ஒண்ணு. மூணாவதுக்கு சிற்பி ஸ்டீபன்ராஜ், மன்சூர் கையை ஒசத்தி டீ ஆத்துறதைப் பாத்துப் பாத்து அச்சு அசலா வார்த்துட்டாரு. கடைக்குப் பக்கத்துலயே நிறுத்தி, பச்சைத் துணி சுத்தி மூடியாச்சு. அமைச்சர் வந்து திறக்கணும். தேதி மட்டும் கிடைக்கல.

அப்பதான் அந்த ஆபீசு அதிகாரி ஹரிஹரசுதன் ஸ்ரீரங்கத்துலேருந்து ஸ்கூட்டர்ல வந்து இறங்கினாரு. சிலையைப் பாத்தாரு. மன்சூரைப் பாத்தாரு. வேர்த்துப்போச்சு.

"என்னய்யா இது, அமைச்சர் திறக்கறதுக்கு முந்தியே ஜனங்க முகத்தைப் பாத்துண்டிருக்கா?"

"சிலை மூடித்தான சார் இருக்கு."

"உம்ம மூஞ்சி திறந்திருக்கே. ரெண்டும் ஒரே மூஞ்சிதானே? பெருமாளுக்கே திரை போட்டா, விலகறவரைக்கும் யாரும் எட்டிப் பாக்கப்படாது. நீரும் மூடிண்டுடும். இல்லேன்னா கடையை எடுத்துடுவோம்."

கடைதான் மன்சூருக்குச் சோறு. மூடிக்கிட்டான். அதே பச்சைத் துணி, அரசாங்கச் செலவு. கையை நீட்டி டீ ஆத்த ரெண்டு ஓட்டை. சம்சாரம் ருக்ஸார் சாப்பாடு கொண்டாந்தா, எது புருஷன்னு குரல் குடுத்துப் பாத்துட்டுத்தான் தூக்கை வைப்பா.

ஒருவழியா விழா வந்துச்சு. 'கலைத் தூண்டுதலாளர் சிலைக்கு அருகில் நிற்பார்'னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருந்ததால, மன்சூரும் மூடின மேனிக்கு நின்னான். அமைச்சருக்கு அடுத்த விழாவுக்குப் போற அவசரம். கைக்கு எட்டின துணியை இழுத்தாரு. உள்ள மன்சூர்.

அசையாதேன்னு அதிகாரி கண்ணைக் காட்டினாரு. அசையல. அமைச்சர் மாலையைப் போட்டு, வேர்வை கூட வடியுதே, என்னா உயிரோட்டம்னு பாராட்டினாரு. இது சிலை இல்ல, ஆளுன்னு யாராவது சொல்லணுமில்ல? அதிகாரி கை தட்டினாரு. அவரைப் பாத்து சிற்பி தட்டினாரு. அப்புறம் மார்க்கெட்டே தட்டுச்சு.

காரு போனதும் மன்சூர் மாலையைக் கழட்டப் போனான்.

"தொடப்படாது. அமைச்சர் திறந்தது உம்மை. இனிமே நீர்தான் சிலை," ன்னாரு ஹரிஹரசுதன்.

"அப்ப அது?"

"அது இன்னும் திறக்கலையே. மூடியே இருக்கட்டும்."

"மூடிக்கிட்டா கடையை எடுக்க மாட்டேன்னீங்களே சார்."

"கடையை யார் எடுத்தா? சிலை டீ விக்கப்படாது, அவ்வளவுதான்."

சுத்தி கம்பிக் கூண்டு வந்துச்சு. தலையில காக்கா வந்துச்சு. புருஷனை வீட்டுக்கு அனுப்புங்கன்னு ருக்ஸார் ஆபீசுக்கு நடையா நடந்தா. பொதுச் சொத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது குத்தம்னு அவங்க மரியாதையா விளக்கம் சொல்லி, உக்கார நாற்காலியும் போட்டாங்க.

மார்க்கெட்டு ஜனங்க சும்மா இருப்பாங்களா? தெனம் அவன் கையால டீ குடிச்சவங்களாச்சே. கடையடைப்பு, மறியல், கோஷம். கூண்டுக்குள்ள மன்சூருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அதிகாரி பதறி ஓடியாந்து, என்னதான் வேணும்னு கேட்டாரு.

வாழைக்காய் மண்டி வீரமலை முன்னாடி வந்தாரு.

"சிலை வெயில்ல காயுதுங்க. மேல ஒரு கூரை போட்டுக் குடுங்க."

அன்னைக்கே போட்டாங்க. ஜனங்க கை தட்டினாங்க. நிழல் பட்ட சுகத்துல மன்சூரும் தட்டிட்டான்.

சிலை அசைஞ்சதுக்கு விளக்கம் கேட்டு மறுநாள் மெமோ வந்துச்சு.