இரண்டாவது அடை

மனு எழுதத் தெரிந்த ஒருவன் வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து எதிரி தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் கணக்கு எழுதுகிறேன். தெருவிளக்கு எரியாவிட்டாலும், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும் எங்கள் தெருவே என்னிடம்தான் வரும். அந்தப் பெருமை தலைக்கேறியிருந்த சமயத்தில்தான் என் அம்மாவின் முன்பல் உடைந்தது.

உடைந்த இடம் திண்டிவனம், என் தங்கை சுமதியைக் கட்டிக்கொடுத்த வீடு. சுமதிக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். வளைகாப்புக்கு நாள் பேசி, அது முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டு வர அம்மா போயிருந்தாள். சம்பந்தியம்மா கேப்பை அடை சுட்டுப் போட்டார். மணலில் வறுத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, ஒன்றிரண்டாக இடித்து மாவில் சேர்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு மல்லாட்டையோடு ஒரு கல்லும் வந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் துப்பியிருப்பார்கள். பெண்ணை அழைக்கப் போன இடத்தில், சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்வதாவது? கல், பல் துண்டு, அடை மூன்றையும் சேர்த்து அம்மா விழுங்கினாள். முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தில், "ரொம்ப நல்லாகீதுங்க, இன்னொண்ணு போடுங்க" என்று கேட்டு வாங்கி அதையும் சாப்பிட்டு முடித்தாள். விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து முந்தானையை எடுத்தாள், ஒரே ரத்தம். (எனக்கு மயக்கம் வந்துவிட்டது. அவள்தான் எனக்குத் தண்ணீர் தெளித்தாள்.)

"அவங்க காதுக்கு இது போவக் கூடாதுடா," என்றாள். நானும் தலையாட்டினேன்.

பல் டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். எங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோருக்கும் இடமுண்டு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். சாதாரணப் பல்லா, செராமிக் பல்லா என்று டாக்டர் கேட்டதற்கு, இருப்பதிலேயே உசத்தியானதை வையுங்கள் என்றேன். (பாலிசியைப் படித்திருந்தேனா என்று கேட்காதீர்கள்.) கைமாற்று வாங்கி பில்லைக் கட்டினேன். இன்சூரன்ஸிலிருந்து மாத்திரைக்கும் எக்ஸ்ரேவுக்கும் மட்டும் பணம் வந்தது. நான் விடவில்லை. தினமும் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். கடைசியில் ஒரு பெண் இரக்கப்பட்டு வழி சொன்னாள்.

"சார், பல்லுக்குப் பொதுவா கிடையாது. ஆக்சிடென்ட்னா பாக்கலாம். எங்க, எப்படி, யாரால ஆச்சுன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடு என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குக் கண் தெரியாது. அன்றைக்கே உட்கார்ந்தேன். 'மேற்படி விபத்து, மேற்படி வீட்டில், திருமதி வள்ளியம்மாள் அவர்கள் மல்லாட்டையில் கல் பொறுக்காமல் விட்ட கவனக்குறைவால் நேர்ந்ததாகும்.' சாட்சி, வள்ளியம்மாளின் மகனான எங்கள் மாப்பிள்ளை. வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் சேர்த்து, இரண்டு தடவை படித்து ரசித்து அனுப்பினேன். அம்மா வாய்க்குள் விழுங்கி மறைத்ததை நான் விலாசத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்சூரன்ஸ்காரன் விசாரிக்காமல் இருப்பானா? நேராகத் திண்டிவனத்துக்குப் போன் போட்டிருக்கிறான். கல்லைத் தெரிந்து போட்டீர்களா, தெரியாமல் போட்டீர்களா என்று சம்பந்தியம்மாவைக் கேட்டிருக்கிறான். அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று மாப்பிள்ளை எனக்குப் போனில் சொன்னார். மாப்பிள்ளை குரலில் கோபம்கூட இல்லை.

மனு விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமலே அவளையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் ஓடினேன். சம்பந்தியம்மா என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அம்மாவிடம்தான் பேசினார்.

"கல்லு கடிச்சா கல்லுன்னு சொல்றதுக்கு இன்னாங்க? இன்னொண்ணு கேட்டு வாங்கி சாப்ட்டுட்டு, ஊருக்குப் போய் எம்பேர்ல எழுதிக் குடுக்கறீங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் இன்னாங்க எழுதனேன்?" என்றவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

"கல்லு போட்ட கையால ஆக்கனதத்தான் ஒங்க பொண்ணு தெனம் துன்னுக்கினு கீறா," என்றார் சம்பந்தியம்மா. "பிரசவமும் இங்கயே ஆவட்டும்."

சுமதி சமையலறை வாசலில் நின்று அழுதாள். நான் கும்பிட்டேன், காலில் விழவும் பார்த்தேன். மன்னிப்பையும் வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு எல்லாம் முடிந்தது. வளைகாப்பு திண்டிவனத்திலேயே நடந்தது. அம்மா விருந்தாளி மாதிரி வளையல் போட்டுவிட்டு, பெண்ணில்லாமல் திரும்பி வந்தாள். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில் இன்சூரன்ஸ் பதிலும் வந்தது. போன் போட்டவனிடம் சம்பந்தியம்மா ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டாராம், பல் உடைந்தவர் இன்னொரு அடை கேட்பாரா என்று. அதையே பிடித்துக்கொண்டார்கள். சம்பவத்துக்குப் பிறகும் அதே உணவைக் கேட்டு வாங்கி உண்டதால் விபத்து என ஏற்க இயலாதாம். அம்மாவின் மரியாதையே என் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

வலி எடுத்துவிட்டது என்று ஒரு நாள் காலையில் போன் வந்தது. அம்மா கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து சம்பந்தியம்மா மடியில் இருந்தது. அவர் எழுந்து குழந்தையை அம்மா மடியில் வைத்தார். இருவரும் சேர்ந்து அழுதார்களாம். பகை அதோடு தீர்ந்தது.

என் மேல் போட்ட கேஸ் மட்டும் தீரவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால், சம்பந்தியம்மா அடையைத் தட்டில் வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்: "தம்பி, கல்லு கடிச்சா ஒடனே சொல்லிடுங்க. இன்னொண்ணு கேட்டுட்டா கேசு நிக்காது."

வீடே சிரிக்கும். அம்மா சிரிக்கும்போது அந்தச் செராமிக் பல் மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரியும். சுமதி சிரிக்க மாட்டாள். அவள் வலியில் அம்மா என்று கத்தியபோது அம்மா விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு முதல் அடை தீர்ந்ததும் சுமதி மீதி அடை இருக்கும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நானும் இன்னொன்று கேட்பதில்லை.